நகராமல் நின்றவள்

கொலோசியத்தின் இரண்டாம் அடுக்கில் நானூறு பேர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அரங்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாயிரம் வருடமாக உலகமே வாயைப் பிளந்து பார்த்த இடம். இப்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்விழியை முகத்தில் மாட்டிக்கொண்டு, செத்துப்போன சொந்தக்காரர்களைச் சுவரில் தேடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம்ம கோபிசெட்டிபாளையத்து லோகேஸ்வரனும் ஒருவர். அறுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி, பக்கத்தில் மகள் நித்திலா.

“தெரியுதாப்பா?”

“தெரியுது. ஒரு வெள்ளக்காரன் நிக்கறான். அவனும் கல்விழி போட்டுட்டுத்தான் நிக்கறான்.”

“அவனுக்குப் பின்னால?”

“பின்னால ஒண்ணுமில்ல கண்ணு. கல்லு ஒருத்தரத்தான் வெச்சுக்கும்.”

அதுதான் இந்தக் கண்டுபிடிப்பில் இருந்த கோளாறு. வெள்ளைப் பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் தன்மேல் படும் வெளிச்சத்தைத் துகளுக்குள் பிடித்து வைக்கின்றன. ஓர் ஆள் கல்லை ஒட்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் இடம் நகராமல் நின்றால், அவர் நின்ற நேரம் முழுவதும் நிழல்தடமாக அதில் தங்கிவிடும். அந்தத் தடத்தைப் படித்து, ஆளை அசைவோடு கண்ணுக்குள் காட்டுவது கல்விழி. சத்தம் வராது. முன்னே பின்னே ஓட்ட முடியாது, மாட்டும்போதெல்லாம் முதலிலிருந்துதான் தொடங்கும். உருவம் பார்ப்பவரின் கண் நரம்பில்தான் உண்டாகிறது என்பதால் படமாகப் பிடித்து வைக்கவும் வழியில்லை. போகட்டும், இவ்வளவு கிடைத்ததே பெரிசு. ஆனால் பார்க்கிறவரும் கல்லை ஒட்டி நகராமல்தானே நிற்க வேண்டும்? ஆறாவது நிமிடத்திலிருந்து அவருடைய நிழல் பழைய நிழலின் மேல் ஏறத் தொடங்கிவிடும்.

ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுங்கள் என்று பெட்டியின் மேல் எழுதித்தான் விற்றார்கள். நேரமானால் கண்ணோரத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கும்படியும் செய்தார்கள். செத்துப்போன அம்மா கண்ணெதிரே நிற்கும்போது புள்ளியாவது பெட்டியாவது! அவரவர் அம்மாவின் மேல் அவரவர் ஏறி நின்றார்கள். பன்னிரண்டு வருடத்தில் இத்தாலியின் பேர்பெற்ற சுவர்களில் எல்லாம் தேடப்பட்டவர்கள் மறைந்து, தேடியவர்கள் மட்டும் மிஞ்சிவிட்டார்கள்.

லோகேஸ்வரன் தேடி வந்தது மனைவி பவித்ராவை. நித்திலாவுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டாள். வீட்டில் அவள் போட்டோவுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. லோகேஸ்வரன் போனைத் தூக்கினாலே பவித்ரா முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். நித்திலா சின்ன வயதிலிருந்து அந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

“போட்டோவுக்குச் சிரிக்காத அம்மாவ ஒரேயொரு தடவ பாத்தாப் போதும்ப்பா,” என்றாள் ஒருநாள். “சும்மா இருக்கறப்ப அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

அதற்காகத்தான் இத்தனை தூரம். நம்மூர்க் கோயில்களில் தேட வழியில்லை. கருங்கல்லில் எண்ணெயும் திருநீறும் ஏறித் தடம் தங்குவதில்லை. பவித்ரா வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றதெல்லாம் இருபத்தேழு வருடத்துக்கு முன் போன இத்தாலிச் சுற்றுலாவில் மட்டும்தான். வயிற்றில் நித்திலா நாலு மாதம்.

நின்றாள் என்று சொல்வதே தப்பு. அது ஈரோட்டிலிருந்து கிளம்பிய குரூப் டூர். நாற்பத்திரண்டு பேர், எட்டு நாள், ஐந்து ஊர், கூடவே தயிர்சாதம் கிளற ஒரு சமையல்காரர். நீரூற்றுக்குப் பத்து நிமிடம், தேவாலயத்துக்குக் கால் மணி நேரம். பஸ் ஹாரன் அடித்தால் ஓட வேண்டும். அந்த ஓட்டத்திலும் லோகேஸ்வரன் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர். “பவி, இங்க நில்லு, அங்க பாரு, சிரி, வா போலாம்,” என்பதற்கு மேல் அவர் அவளிடம் அந்த எட்டு நாளில் என்ன பேசினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால்தானே கல்லில் இருக்க?

வெனிஸில் இல்லை. புளோரன்ஸில் இல்லை. ரோமாபுரியில் ஒன்பது இடத்தில் தேடியும் இல்லை. கடைசியாகப் பீசா. பவித்ரா சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரிப் போட்டோ எடுத்த இடத்துக்குப் போனார்கள். அங்கே வெறும் புல்தரை. புல்லுக்கு ஏது ஞாபகம்?

நித்திலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல், “வந்தது வந்தாச்சு, மேலயாச்சும் ஏறிப் பாத்துட்டு வந்தர்றேன்ப்பா. உங்க முட்டி தாங்காது, இங்கயே இருங்க,” என்று கல்விழியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

லோகேஸ்வரன் வெயிலுக்கு ஒதுங்கி, தேவாலயத்தின் பின்பக்கச் சுவரோரம் போய் நின்றார். குப்பைத்தொட்டியும் தண்ணீர்க் குழாயும் இருந்த மூலை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அதனால் அங்கே யாரும் எதையும் தேடியதில்லை. நேரம் போகவில்லையே என்று கல்விழியை மாட்டினார்.

பவித்ரா நின்றுகொண்டிருந்தாள்.

நீலச் சுடிதார். அதன்மேல் அவருடைய பழுப்பு ஸ்வெட்டர். சுவரில் சாய்ந்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒருதடவை கையை ஆட்டினாள். மேலிருந்து யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது, கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். லோகேஸ்வரன் “பவி” என்று சொல்லி அழுதுவிட்டார். அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. கர்ப்பிணி படியேறக் கூடாது என்று அவளைக் கீழே விட்டுவிட்டு அவர் மட்டும் கோபுரத்தில் ஏறினார். “இந்த எடத்த விட்டு நகராத. நகந்தீன்னா இந்தக் கூட்டத்துல உன்னயத் தேட முடியாது,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதைக் கேட்டு நின்றாள், கல்லில் தங்கிவிட்டாள். இத்தாலி முழுக்க அவள் தங்கிய இடம் இந்தக் குப்பைத்தொட்டி மூலை ஒன்றுதான்.

கண்ணோரத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கியது.

கழற்றியிருக்க வேண்டும். கழற்றிவிட்டு நித்திலாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. முதல் ஐந்து நிமிடத்தைத் திரும்பத் திரும்ப எத்தனை தடவை பார்த்தாலும் கல்லில் ஒன்றும் அழியாது, மகள் ஆசை தீரப் பார்த்திருக்கலாம். லோகேஸ்வரனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவருக்கு வேறொன்று வேண்டியிருந்தது. கோபுரத்திலிருந்து இறங்கி வந்தபோது அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. உடனே அதைப் போனில் எடுத்தார். அந்தப் படம்தான் மாலை போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. தன்னைக் கண்டதும் ஒருத்தி அப்படி மலர்ந்தாள் என்பதை வைத்துத்தான் அவர் இருபத்தைந்து வருடத்தைத் தனியாக ஓட்டினார். அது வரைக்கும் நிற்கலாம் என்று நின்றார்.

பத்தாவது நிமிடம் யாரோ காவலாளி வந்து பவித்ராவிடம் பெஞ்சைக் காட்டியிருக்க வேண்டும், கல்லில் அவன் இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுத் தரையைச் சுட்டினாள். இங்கேதான் நிற்கச் சொன்னார். இருபதாவது நிமிடம் கால் மாற்றிக் கால் ஊன்ற ஆரம்பித்தாள். தூரத்தில் கழிப்பறைப் பலகை இருந்திருக்க வேண்டும், அந்தப் பக்கமே பார்த்தாள், தொடையை இறுக்கிக்கொண்டாள், போகவில்லை. போடி, போயிட்டு வா, நான் எங்கே ஓடிப்போகிறேன் என்று லோகேஸ்வரன் வாய்விட்டே சொன்னார். முப்பத்தைந்தாவது நிமிடம் பஸ் ஹாரன் அடித்திருக்கும். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள், கோபுர வாசலைப் பார்த்தாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பாஷை தெரியாத ஊரில், போன் வேலை செய்யாமல், யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்று அழுதாள். உதடு மட்டும் அசைந்தது. ‘அப்பா வந்துருவாரு’ என்று வயிற்றைப் பார்த்துச் சொல்கிறாள்.

அதற்குள் அவள் கலங்கத் தொடங்கியிருந்தாள். அவள் தோளின் மேல் ஒரு வழுக்கைத் தலை மங்கலாக ஏறிக்கொண்டிருந்தது. அது தன் தலைதான் என்று தெரிந்தும் லோகேஸ்வரன் நகரவில்லை.

ஐம்பதாவது நிமிடம், கோபுரத்திலிருந்து இறங்கி வரும் அவரை அவள் கண்டுகொண்டாள். முகம் மலரவில்லை. அவசரமாகத் துப்பட்டாவால் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள், கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்துச் சரிசெய்தாள், ஒருதடவை மூச்சை இழுத்து விட்டாள். பிறகுதான் அந்தச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். போனைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. மறுநொடி அவள் இல்லை. கல்லில் ஒரு கிழவன் நின்று அழுதுகொண்டிருந்தான்.

கல்விழியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டபோது நித்திலா வந்துவிட்டாள்.

“மேல ரொம்பக் கூட்டம்ப்பா, எறங்க நேரமாயிருச்சு. பயந்துட்டீங்களா? கண்ணெல்லாம் செவந்திருக்குது.”

“வெயிலு.”

“இங்க பாத்தீங்களா?”

“இங்கயும் இல்ல கண்ணு. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“எதுக்கும் நானொருக்கா பாத்தர்றேன்,” என்று கல்விழியை வாங்கி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். என்ன சொல்லி இழுப்பது?

நித்திலா முகத்தைச் சுவருக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

“அப்பா, இங்க நீங்க நிக்கறீங்க.”

அவர் குப்பைத்தொட்டியைப் பார்த்தார்.

“அழுவறீங்க. பவின்னு சொல்றீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “எத்தன நேரம் நின்னீங்க?”

“அம்பது நிமிசம்.”

“என்னயக் கூப்புட்டிருக்கலாமேப்பா.”

“கூப்புட்டிருக்கலாம். கை போவுல கண்ணு.”

“அம்மா சிரிச்சாங்களா?”

“நான் வந்தப்ப சிரிச்சா.”

“அதுக்கு முன்னால?”

லோகேஸ்வரன் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். அதற்கு முந்தைய ஐம்பது நிமிடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பெண் ஆறு மாதமாக லீவு சேர்த்து வந்தாள். இனி உலகத்தில் அது இருப்பது அவர் ஒருவரின் மண்டைக்குள் மட்டும். அதையும் அவரால் சொல்ல முடியாது. சொன்னால் அதில் அவரும் வருவார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். புள்ளி மினுக்கியிருக்கும். கழற்று என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நித்திலாவும் கழற்றவில்லை.