கூரை போச்சு, பைக் போச்சு

"அய்யய்யோ... தள்ளுங்க மேடம், தள்ளுங்க!"

குரல்தான் முதலில் வந்தது. ஆள் பிறகுதான் கண்ணில் பட்டான். ஸ்டூலின் மேல் நின்று அளவு டேப்பை இழுத்துப் பிடித்திருந்தான். அவளோ மழையில் தொப்பலாக நனைந்து, குடையை உதறிக்கொண்டே அறைக்குள் நுழைந்தவள். குடைக் கம்பி ஸ்டூலின் காலில் மாட்டியது. ஸ்டூல் ஆடியது. அவன் குதித்தான். குதித்தவன், வேறு இடமே இல்லாததுபோல், அவள் கால் மேலேயே குதித்தான்.

"கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது மேடம். உங்க குடைக்குத்தான்..."

நிமிர்ந்து பார்த்தாள். இமையில் தொங்கிய மழைத்துளி வழியாக அவன் முகம் கலங்கலாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தாள்... வாய் பவ்யமாக இருந்தது, கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன. அந்த நொடியில் உலகம் நின்றுவிட்டது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. அவளுக்குச் சுண்டுவிரல் விண்விண்ணென்று வலித்தது, அவ்வளவுதான்.

அது அந்த ஊரின் வானொலி நிலையம். மற்றவர்கள் பதிவு செய்து கொண்டுவரும் பேச்சை வெட்டி ஒட்டிக் கேட்கும்படி ஆக்குவது அவள் வேலை. இருமல், தும்மல், 'வந்து... வந்து...', பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளி எல்லாம் அவள் கைபட்டால் காணாமல் போகும். அதனால் மேலாளர் முதல் காவல்காரர் வரை அவள் எல்லோருக்கும் 'கத்திரி'தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் அறைக்கும் பேசுகிறவர்கள் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். போன வாரம் மைக் ஸ்டாண்டு ஒன்று அதில் சாய்ந்து, குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அதை மாற்ற அளவெடுக்க வந்தவன்தான் இவன்.

"பாருங்க... இதுல ரெண்டு கண்ணாடி இருக்கு. ஒண்ணு நேரா நிக்குது, ஒண்ணு சாஞ்சு நிக்குது. எந்தப் புண்ணியவான் இப்படிக் கோணலா மாட்டினான்?"

"வேணும்னேதான் சாச்சிருக்காங்க. நேரா இருந்தா சத்தம் திரும்பி அடிக்கும்."

"அடடா! கோணலா மாட்டித் திட்டு வாங்குறதுதான் எனக்குப் பழக்கம். இங்க நேரா மாட்டினாத் திட்டா?"

சிரித்துவிட்டாள். சிரித்து முடிப்பதற்குள் எதுவோ உறுத்தியது. அந்த 'பாருங்க...' எங்கே கேட்டது? ஹெட்போனில் ஒரு மத்தியானம் முழுக்க இந்தக் குரலோடு உட்கார்ந்திருக்கிறாளே!

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரைப் பெரும்புயல் ஒன்று புரட்டிப்போட்டது. அதன் நினைவாக இந்த வருஷம் நிலையத்தில் ஒரு நிகழ்ச்சி. நிருபர் வீடு வீடாகப் போய், "புயல்ல உங்களுக்கு என்னென்ன போச்சு?" என்று கேட்டு வந்தார். டீச்சர் ஒருத்தரின் பீரோ அடுத்த தெருவில் போய் நின்றதாம், பூட்டு திறக்காமலே. பேக்கரிக்காரர் ஒருவர் காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் மனைவியோடு உட்கார்ந்து உயிர் தப்பினாராம். எல்லாவற்றையும் விட எடுபட்டது ஒரு கண்ணாடிக்காரனின் பதில்தான். மேலாளர் அதை மட்டும் தனியாக எடுத்து, நிகழ்ச்சிக்கு விளம்பரமாக நாள் முழுக்க ஓடவிட்டார்.

"அட, நீங்கதானா அது! 'கூரை போச்சு, பைக் போச்சு...'"

வாய் முந்திக்கொண்டது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. 'கூரை போச்சு, பைக் போச்சு, அண்ணன் போயிட்டான்.'

சே... என்ன காரியம் செய்தோம்!

அவன் டேப்பைச் சுருட்டினான். கண்ணில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

"அதை வெட்டினது நீங்களா?"

"ஆமா... அது வந்து..."

"நான் அப்படிச் சொல்லலைங்க."

இங்கேதான் அவளுக்கு ரோஷம் வந்தது. தப்பு நம் மேல் இருக்குமோ என்று லேசாகத் தோன்றினாலே வருமே, அந்த ரோஷம். "நீங்க சொன்னதைத்தாங்க போட்டோம். ஒரு வார்த்தை நான் சேர்க்கல, ஒரு வார்த்தை எடுக்கல."

"வார்த்தை எடுக்கலைங்க..." அவன் தேடித் தேடிப் பேசினான். "பைக் போச்சுன்னு சொன்னதுக்கப்புறம் எனக்கு வாயே வரல. எவ்வளவு நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்னு தெரியாது. நிருபர் தண்ணி குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் அண்ணனைச் சொன்னேன். நீங்க போட்டதுல நான் மூச்சே விடல. கடையில சாமான் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறேன்."

அவள் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணி தையல் கடை வச்சிருக்காங்க. கடையில எல்லாரும் இருக்கிறப்ப ரேடியோல கேட்டிருக்காங்க. 'உங்கண்ணனைப் பைக்கோட சேத்து எண்ணிட்டியேடா'ன்னாங்க. அதோட சரி, பேச்சே இல்ல. அண்ணன் போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அவங்க ஒருத்தங்கதான். இப்ப சோறு மட்டும் போடுறாங்க."

"அந்த இடைவெளியைப் போட்டா கேக்குறவங்க ரேடியோ நின்னு போச்சுன்னு நெனைப்பாங்க. இது எங்க வேலை முறைங்க."

சொன்ன மறுகணமே அந்த வாக்கியம் அவளுக்கே பிடிக்கவில்லை.

"சரிங்க," என்றான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கண்ணாடி வெட்டி வர ஒரு வாரம் ஆகும்." ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. முதலில் செய்தது, முழுப் பதிவையும் தேடியதுதான். இல்லை! நிகழ்ச்சி ஒலிபரப்பானதும் மூலப் பதிவை அழித்துவிடுவது அங்கே வழக்கம். கணினியில் இடம் போதாது. அழித்ததும் அவளேதான்.

ஆனால் காது அழிக்கவில்லை. பைக் போச்சு என்ற பிறகு திரையில் ஒலியைக் காட்டும் கோடு நேராகப் போனது. அந்த நேர்கோட்டுக்குள் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது... தம்ளர் மேஜையில் பட்டது... யாரோ எதையோ விழுங்கினார்கள். அநாவசியம் என்று நினைத்து ஒரே இழுப்பில் எடுத்துப்போட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேரின் புயலைக் கேட்டும் அதில் ஒன்றும் அவள் மேல் படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும், "புயலப்ப நீ எங்க இருந்தே?" என்றுதான் கேட்பார்கள். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

மேலாளரிடம் போனாள். "சார், அந்தப் பதில்ல ஒரு தப்பு நடந்துடுச்சு. திருத்திச் சொல்லிடலாமா?"

"எது? கூரை போச்சா? ஊரே பாராட்டுது, நீ வேற! நம்மளே போய்த் தப்புன்னு சொல்றதா? போம்மா, போய் வேலையைப் பாரு கத்திரி."

போனாள். ஆனால் வேலையைப் பார்க்கவில்லை. நிருபரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டுகிற மழையில், இரண்டு பஸ் மாறி அந்தத் தையல் கடைக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. 'வெட்டினது நான்தான்' என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போய்விடலாமா? பஸ் அதோ நிற்கிறது... பஸ் போனது. அவள் நின்றாள்.

அண்ணி வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு சட்டையின் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப். நாற்பது வயதிருக்கும். நிமிரவே இல்லை.

"என்ன தைக்கணும்?"

"தைக்க வரலைங்க. நான் ரேடியோ ஸ்டேஷன்லேருந்து..."

குண்டூசிகள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து வெளியே வந்தன. "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? அவரு போனதைப் பாட்டா பாடி நாள் பூரா போட்டீங்களே, போதாதா?"

"அதை அப்படி ஆக்கினது நான்தாங்க. உங்க கொழுந்தனார் அப்படிச் சொல்லல." கடகடவென்று சொல்லிவிட்டாள். நிறுத்தினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. "பைக்கைச் சொல்லிட்டு அவரால பேச முடியல. ரொம்ப நேரம் பேசல. எந்திரிக்கப் பாத்தாரு போல... நாற்காலி சத்தம் கேட்டுச்சு. மறுபடி உக்காந்தாரு. தண்ணி குடிச்சாரு. அதுக்கப்புறமும் உடனே சொல்லல. அந்தக் குரல் வேற மாதிரி இருந்துச்சுங்க. நான் வேலை சுத்தமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அண்ணி ரொம்ப நேரம் அந்தச் சட்டைத் தோளையே தடவிக்கொண்டிருந்தார்.

"அழுதானா?"

"இல்லைங்க. முழுங்கிட்டாரு."

"முழுங்கத்தான் செய்வான்... கல்லுளிமங்கன்!" என்றார் அண்ணி, குரல் உடைந்துபோய். "அன்னிக்கு அவரு ஜன்னல் பலகையை முதுகால முட்டுக் குடுத்துட்டு நின்னாரு. 'அவளைக் கூட்டிட்டுப் பின்பக்கமா ஓடுடா'ன்னு இவனைப் புடிச்சுத் தள்ளினாரு. நாங்க பின்வாசலைத் தாண்டல, சுவரு விழுந்துடுச்சு. அப்பவும் இவன் ஒரு சொட்டு அழல. அதனாலதான் நான் நம்பிட்டேன்... ரேடியோவைக் கேட்டு, சரி, இவனுக்கு மறந்துபோச்சுன்னு. நான் கோபத்துல பேசலைன்னு அவன் நெனைச்சுட்டு இருக்கான். எனக்குப் பயம்மா. அவரை நெனைக்க இனி நான் ஒருத்திதானான்னு பயம்."

வெளியே மழை வலுத்தது. அண்ணி எழுந்து ஒரு துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். "தலையைத் துவட்டு. நீ எங்க இருந்தே, புயலப்ப?"

இந்த முறை அவள் பேச்சை மாற்றவில்லை. "ஸ்டேஷன்லதான் இருந்தேன். சத்தம் புகாத அறை. எச்சரிக்கை மேல எச்சரிக்கையா நாள் முழுக்கப் போட்டுட்டே இருந்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல. சாயங்காலம் கதவைத் திறந்தேன்... தெருவுல ஒரு மரம்கூட இல்ல. எல்லார்கிட்டயும் ஒரு புயல் இருக்கு. என்கிட்ட இல்ல. அதைச் சொல்ல வெக்கமா இருக்குங்க."

"பைத்தியம்," என்றார் அண்ணி. திட்டுகிற குரலில் இல்லை. "தப்பிச்சதுக்கு யாராவது வெக்கப்படுவாங்களா? அதையேதான் அவனும் பண்றான்."

அடுத்த வாரம் கண்ணாடி வந்தது. கூடவே அவனும்.

அவள் தலையைக் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றுமே ஓடவில்லை என்பது வேறு விஷயம். அவன் பழைய கண்ணாடியைப் பெயர்த்தான். புதியதை ஏற்றினான். சாய்ந்த கண்ணாடியைச் சரியாகச் சாய்த்து, ஓரத்துக்கு ரப்பர் வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே வந்தான்.

"மேடம்... கோணல் போதுமா?"

"போதும்."

"அண்ணி பேசிட்டாங்க."

சட்டென்று நிமிர்ந்தாள். அவன் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன், வாசல்லயே நிக்கிறாங்க. ஓங்கி ஒண்ணு வச்சாங்க முதுகுல. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து... அட விடுங்க. மூணு வருஷத்துக்கும் சேத்து அழுது முடிச்சோம்." மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டான். "அவங்க ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. தப்பைத் திருத்துறதுன்னா ஒரு போன் போதும். மழையில நனைஞ்சு, ரெண்டு பஸ் மாறி அந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சுன்னு..."

"இதை அவங்க கேக்குறாங்களா, நீங்க கேக்குறீங்களா?"

"...நான்தான்."

என்ன சொல்ல? வேலை நேர்மை என்று சொல்லலாம். மனசாட்சி என்று சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை. பாதியை மட்டும் போடுகிற பிழைப்பு போதும் என்று நினைத்தாள்.

"உங்களுக்காகத்தான் வந்தேன். போன வாரம் பூரா உங்க முகம்தான். கோபப்பட்டிருந்தா மறந்திருப்பேன். 'சரிங்க'ன்னு சொல்லிட்டுப் போனீங்களே... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கால்ல குதிச்சதையும் சேத்துத்தான் சொல்றேன்."

காது மடல் வரை சிவந்துவிட்டது அவளுக்கு. கண்ணாடிக்காரனுக்கோ கை ரப்பரை விட்டுவிட்டது. ஒட்டிய ஓரம் பொத்தென்று தொங்கியது. அவசரமாகப் பிடித்து அழுத்தினான்.

"பாருங்க... எனக்கு இதெல்லாம் சொல்ல வராது," என்றான். "நேத்து வேலைக்கு ஒரு தெருவுக்குப் போனேன். எதிர்வீட்டு மாடியில நீங்க தலை காய வச்சுட்டு நின்னீங்க. நான் உங்களைப் பாக்கல. சத்தியமா முதல்ல உங்களைப் பாக்கல. ஜன்னலைப் பாத்தேன்."

"ஜன்னலையா?"

"இடது கதவுல கொக்கி இல்ல. கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல. இங்க காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாக்கூட அந்தக் கயிறு ஞாபகம்தான். எனக்கு வேண்டியவங்க வீடுன்னாதான் எனக்கு இப்படி ஆகும்... அண்ணி வீட்டுக்கப்புறம் உங்க வீட்டுக்குத்தான் ஆகியிருக்கு."

இத்தனை நாளில் எத்தனை பேரின் பேச்சைக் கேட்டிருக்கிறாள்... ஒரு கொக்கியைச் சொல்லி இப்படி ஒருவர் நெஞ்சைப் பிசைய முடியும் என்று தெரியாது.

"அப்போ வந்து மாட்டிக் குடுங்க," என்றாள் மெல்ல.

"வர்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். அண்ணியையும் கூட்டிட்டு வர்றேன்."

"ஒரு கொக்கி மாட்ட அண்ணி எதுக்கு?"

அவன் முதல் முறையாக நேராக அவள் கண்ணைப் பார்த்தான்.

"கொக்கி மாட்ட நான் போதும். பொண்ணு கேக்க அவங்க வேணும்ல?"

அவள் குனிந்து, ஓடாத திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலையில வராதீங்க," என்றாள். "சாயங்காலம்தான் அப்பா வீட்டுல இருப்பாரு."