உப்புண்ணி

கறிக்கடையின் இரும்புக் கதவு கீலோடு பிய்ந்து விழுந்தது. அடியில் சிக்கிய கடைக்காரனை மிதித்துக்கொண்டு தூத்துக்குடியின் மரியாதைக்குரிய மனிதர்கள் உள்ளே பாய்ந்தார்கள். பச்சை ஈரலைப் பிடுங்கி, கழுவக்கூடச் செய்யாமல் வாயில் திணித்தார்கள்.

அந்த நெரிசலில் கணவன் கஸ்பாரைத் தேடிக்கொண்டிருந்தாள் பிலோமினா. இத்தனைக்கும் காரணமான நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்த்தவள் அவள்தான்.

கஸ்பாருக்குக் குடல் அழற்சி. ரத்தம் போய்ப் போய் ஆள் துரும்பாகியிருந்தான். யூரிக் அமிலம் ஏறும்போதெல்லாம் அவன் குடல் புண் கனன்றதை அவள் கவனித்தாள். அந்த அமில உப்பைத் தின்று வாழும் உயிரை உருவாக்கி, 'உப்புண்ணி' என்று பெயரிட்டு, மோரில் கலந்து கொடுத்தாள். புண் ஆறியது. பிறகு ஊரே குடித்தது. நோயே இல்லாதவர்களும் குடித்தார்கள், அவள் உட்பட.

உப்புண்ணி பெருகியது. அமிலம் போதாதபோது குடல் சுவரைக் கொறித்தது. எந்த மருந்துக்கும் சாகவில்லை. ஈரலும் கறியும் தின்றால் அமிலம் ஊறும், உப்புண்ணி அடங்கும். ஆடுகளுக்குக் கொள்ளைநோய் வந்து கறி வரத்து ஏறக்குறைய நின்றதும் ஊருக்கு வெறி பிடித்தது.

கஸ்பார் ஓர் ஈரல் துண்டை நெஞ்சோடு அணைத்திருந்தான். ஒருவன் இரும்புக் குழாயால் அவன் தொடையில் மாறி மாறி அறைந்தான்.

"விடுங்கல, பாவிகளா! செத்துருவாரு!"

அலறியபடி பிலோமினா கஸ்பார்மேல் விழுந்தாள். துண்டு பறிபோனது. மடியில் கிடந்தவனின் முனகல் மெல்ல அடங்கியது. உயிர் போய்விட்டதென்று பதறிக் குனிந்தாள்.

"பிலோ... வயித்துவலி நின்னுபோச்சிட்டி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. நசுங்கிய தசையும் கறிதானே! அது சிதைந்து அமிலமாகிறது, உப்புண்ணி பசியாறுகிறது.

"சத்தம் போடாதீங்க!" என்று அவன் வாயைப் பொத்தினாள்.

பக்கத்தில் சுருண்டு கிடந்த பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. "ஏல, எனக்கும் ஒண்ணு போடு," என்று காலை நீட்டினார். குழாய்க்காரன் திருதிருவென விழித்தான். பிறகு ஓங்கினான். ஈரலுக்காக அடித்துக்கொண்டவர்கள் இப்போது அடிக்காக முண்டினார்கள்.

"வேண்டாம்! நான் வேற மருந்து கண்டுபிடிச்சுத் தாரேன்!"

கத்திக்கொண்டே எழுந்தவளின் அடிவயிற்றை எதுவோ உள்ளிருந்து கிழித்தது. ரத்தம் சேலையை நனைக்க, அப்படியே மடங்கி விழுந்தாள்.

கஸ்பார் ஊர்ந்து போய்க் குழாயை வாங்கி வந்தான். ஒருநாளும் அவளை அவன் கைநீட்டி அடித்ததில்லை.

"எந்தக் காலுட்டி?" என்றான், அழுதபடி.

பிலோமினா இடது காலை நீட்டினாள்.