குளிரறையில் காய்ச்சல்

“மருந்துதான் எல்லாத்தையும் கொன்னுடுச்சுன்னு சொல்றாங்களே அக்கா, அப்புறம் ஏன் இன்னும் எரியுது?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தங்கை இப்படிக் கேட்டாள். ரத்தத்தில் புகுந்த கிருமி ஒன்றுகூட மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. கேட்டுவிட்டு மோதிர விரலால் கட்டில் கம்பியில் தட்டினாள். டக், டக், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு டக். பொறுமை போனால் சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் தட்டுவாள். கிருமிகளோடு காலம் தள்ளுகிற அக்காவுக்குப் பதில் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பாள். அக்கா அவள் நெற்றியிலிருந்த துணியை எடுத்து, நனைத்துப் பிழிந்து, திரும்பப் போட்டாள். பதில் சொல்லாமலே தங்கையைச் சுடுகாட்டுக்கு அனுப்பியும் வைத்தாள். மிஞ்சியது தங்கையின் மகள் பாப்பா மட்டும்.

பதிலில் பாதி அவளுக்குத் தெரியும். அந்த வகைக் கிருமியின் தோலுக்கடியில் ஒரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் கொழுப்பு வாலைப் புதைத்துக்கொண்டு, மெல்லிய சங்கிலிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிருமி செத்து உடைந்தாலும் சங்கிலி சாகாது. சாவதற்கு அது உயிரோடு இருந்ததே இல்லை. ரத்தத்தில் மிதக்கும். அதைப் பார்த்துப் பார்த்து உடம்பு எரிந்துகொண்டே இருக்கும். மீதிப் பாதி தெரிய வேண்டுமென்றால் அந்தச் சங்கிலியைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். தங்கையின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியையே அவள் கேட்டு வாங்கினாள். பேராசிரியர் தயங்கினார். “வேண்டாம்மா. வேற யாராவது செய்யட்டும்” என்றார். அவள் கேட்கவில்லை.

இப்போது அந்த வேலையின் கடைசிக் கட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஆய்வுக்கூடத்துக்குக் கூடவே கூட்டி வந்திருந்தாள். “கிருமிக்குக்கூட லீவு விடமாட்டீங்களா மேடம்?” என்று வாசலில் காவலாளி சிரித்தார். “கிருமி எல்லாம் செத்துப்போச்சு தாத்தா, போயிட்டு வரேன்” என்றாள் பாப்பா. அவள் வாய் மூடாது. எங்கிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன் சொல்லித்தான் கிளம்புவாள்; லிஃப்டிடம்கூடச் சொன்னாள். தங்கை பழக்கிவிட்டது.

குளிரறைக்கு வெளியே ஒரு முக்காலியில் பாப்பாவை உட்காரவைத்து, கலர் பென்சிலும் தாளும் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவில் தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே பாப்பாவின் தலை தெரிந்தது. கதவை உள்ளிருந்து திறக்கும் குமிழ் பல மாதமாகச் சண்டித்தனம் செய்கிறது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். சரி செய்யச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

அவளுக்கும் எல்லாமே அலுத்திருந்தது. பீப்பாய் பீப்பாயாகக் கிருமியை வளர்த்து, சுழற்றிப் படியவைத்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, பியூட்டனால் என்ற கரைப்பானில் கலக்கி, மறுபடி சுழற்றி, மேலே எண்ணெயாகவும் நடுவே வெள்ளை ஆடையாகவும் கீழே தெளிந்த நீராகவும் பிரிந்ததில் அந்தக் கீழ் நீரை மட்டும் உறிஞ்சி எடுத்து எடுத்து, அவள் தோள் இறங்கிப்போயிருந்தது. தலைமுடி, தலையணை, பாப்பாவின் டிபன் பெட்டி, எதில் மூக்கை வைத்தாலும் பியூட்டனாலின் தித்திப்பான நெடி. இன்று அந்த நீர், கொழுப்பு வாலைப் பிடித்துக்கொள்ளும் மணிகள் நிரம்பிய நீளக் கண்ணாடிக் குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. வேண்டாததெல்லாம் கழுவிக்கொண்டு போக, சங்கிலி மட்டும் ஒட்டி நிற்கும். பிறகு கரைசலை மாற்றினால் அதுவும் பிடியை விட்டு, கீழே சுழலும் தட்டில் உள்ள சின்னக் குழாய்களில் சொட்டும். ஒரு குழாய் நிறைந்ததும் தட்டு ஒரு டக் சத்தத்தோடு நகரும்.

நிறைந்த குழாய் ஒன்றை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கையுறை பொய் சொல்கிறது என்று நினைத்தாள். குளிரறையில் நின்று நின்று விரல் மரத்துப்போனால் இப்படித் தோன்றுவது உண்டு. ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, குழாயை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தாள், பிள்ளையின் பாலைச் சோதிக்கிற மாதிரி. செய்யக் கூடாத காரியம். கண்ணாடி ஈரமாக இருந்தது, ஈரம் மணிக்கட்டில் பட்டது. சூடுதான். சுவரில் தொங்கிய வெப்பமானி எப்போதும் போல நாலு டிகிரி காட்டியது. இந்தச் சூட்டின் அளவு அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் இரவும் பகலும் தங்கையின் நெற்றியில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

தோளால் கதவைத் தள்ளி வெளியே வந்தாள். கை தானாகப் பாப்பாவின் நெற்றிக்குப் போனது. குளுமையாக இருந்தது. பாப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “உன் கை சுடுது பெரியம்மா” என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரந்தான், முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள். அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பாதியில் விட்டால் மணிகள் காய்ந்துவிடும், மாதக்கணக்கான உழைப்பு சாக்கடைக்குப் போகும், பதிலும் அதோடு போகும். சோர்ந்த மனிதர்கள் பயப்படக்கூடச் சோம்பல் படுவார்கள். வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க வெறும் கரைசலை ஓடவிட்டாள். கடைசிக் குழாய்களில் சோதனை மருந்தைச் சொட்டவிட்டாள். சங்கிலி இருந்தால் நீலம் வரும். அதுவும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் வரும். இவற்றில் எதுவுமே வரக் கூடாது.

அவள் கையிலேயே, அந்தக் குளிரிலேயே, குழாய் நீலமானது. அடுத்தது அதைவிட நீலம். அதற்கடுத்தது கறுப்பு என்று சொல்லும்படி இருந்தது. வெறும் கரைசல் போய்க்கொண்டிருந்தது, உள்ளிருந்து அது வந்துகொண்டே இருந்தது.

தட்டு நகர்ந்தது. டக். உடனே இன்னொரு டக். நிறுத்தம். டக்.

குழாய் நிறைய அவ்வளவு நேரம் ஆகவில்லையே. எட்டிப் பார்த்தாள். தட்டு அசையாமல் நின்றது. சத்தம் அதிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னால், இரும்பு அலமாரியின் கம்பியில்.

டக், டக். டக்.

பியூட்டனால் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை எழுந்தது. நெற்றிச் சூட்டில் காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்த துணியின் வாடை. அவள் திரும்பவில்லை. திரும்பாமல் மின்சார ஸ்விட்சை அணைத்தாள். கரைசல் நின்றது. தட்டலும் நின்றது.

கதவுக் கண்ணாடியில் பாப்பாவின் தலை. குனிந்து வரைந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டும் இருந்தது. அவள் எப்போதும் தனக்குத்தானே பேசுவாள். நடுநடுவே நிறுத்தி, தலையாட்டி, அண்ணாந்து பார்த்து, மறுபடி பேசினாள். யாரோ பக்கத்தில் நிற்பதுபோல. பிறகு முக்காலியிலிருந்து இறங்கிக் கதவருகே வந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன. முன்முடி நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

“எல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னாங்களாம் பெரியம்மா” என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “அப்புறம் ஏன் இன்னும் எரியுதுன்னு கேக்கச் சொன்னாங்க.”

ஆஸ்பத்திரி அறைக்குள் பாப்பாவை யாரும் விட்டதே இல்லை.

“யார் பாப்பா? யார் கேக்கச் சொன்னாங்க?”

பாப்பா பக்கத்தில், மேலே, பார்த்தாள்.

உள்ளே அக்கா குமிழைப் பிடித்தாள். சுட்டது. தோளைக் கொடுத்தாள். நகரவில்லை. மறுபடி. நகரவில்லை. அந்தப் பக்கத்திலும் ஒரு தோள் இருந்தது. கதவு வழியாகவே அதன் கொதிப்பு அவள் தோளுக்கு வந்தது.

“எனக்குத் தெரியாதுடி” என்றாள். “எனக்கே தெரியாதுடி. பாப்பாவை விட்டுடு.”

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. கையுறை இல்லாத கையால் துடைத்தாள்.

பாப்பா வலது கையைத் தூக்கினாள். தோளுக்கு மேலே, ஒரு பெரியவளின் கை இருக்கும் உயரத்துக்கு. விரல்கள் எதையோ பற்றி மடங்கின. மடங்கிய விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. திரும்பினாள். தூக்கிய கை தூக்கியபடி, சின்னக் கால்களுக்கு மீறிய வேகத்தில் எட்டு வைத்து, விளக்குகள் எரிந்த நீளமான நடைவழியில் நடந்தாள். கலர் பென்சில் கீழே உருண்டு கிடந்தது.

அவள் கத்தினாள். கதவைக் குத்தினாள். பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. லிஃப்ட் திறந்தது. உள்ளே போகும்போது, கை இன்னும் அந்தரத்தில் நீட்டியபடியே இருந்தது.

போயிட்டு வரேன் என்று அவள் சொல்லவில்லை.