ஒட்டுமானி

வாயிற்கதவு அமுதவல்லியை விருந்தினர் என்றது.

முதலில் அவள் சிரித்தாள். தூறலில் வாயிற்கருவியின் கண்ணாடி நனைந்திருக்கும், துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கைக்குட்டையை எடுத்தாள். மூவரும் மறுபடி வரிசையாக நின்று உள்ளங்கையைப் பதித்தார்கள், சிறு குழலுக்குள் மூச்சு விட்டார்கள். பதினோரு விநாடி. கணவன் காசிராஜனுக்கும் மகள் நறுமுகைக்கும் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அவர்களுக்கு நடுவே பச்சைக் கோட்டால் வரைந்த, முகமில்லாத இன்னோர் உருவமும் நின்றது. அதன் கீழே எழுத்து ஓடியது: "உங்கள் குடும்பத்தில் ஒருவர் வரவில்லை." அமுதவல்லிக்கு மஞ்சள். "இவர் விருந்தினர். குடும்பத்தாருக்கு மட்டுமே அனுமதி."

"இன்னொரு தடவை," என்றாள்.

மூன்றாவது தடவையும் மஞ்சள்தான்.

வாயிலில் நின்ற பணிப்பெண் மாரைக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மேசையில் கிடந்த விளக்க ஏட்டின் அட்டையிலேயே அமுதவல்லியின் படம் இருந்தது.

ஐரோப்பாவில் நகரத்துக் கோடைகள் நாற்பத்தைந்து பாகையைத் தாண்டத் தொடங்கிய பிறகு, மரநிழல்தான் எல்லோருக்கும் வேண்டியதாக இருந்தது. ஆர்டென் மலைக்காட்டிலும் போலந்துச் சமவெளியிலும் வனவிடுதி ஊர்கள் முளைத்தன. மரக்குடில், ஏரி, சைக்கிள் பாதை, குழந்தைகளுக்கு நீர்ச்சறுக்கு. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க இடம் இல்லை. குடும்பங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்ததும், அலுவலகக் கூட்டாளிகள் அண்ணன் தம்பிகளாக மாறினார்கள். நான்கைந்து நண்பர்கள் ஒரு குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சான்றிதழை எவரும் அச்சடித்துவிடலாம்.

அப்போதுதான் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்த அமுதவல்லி ஒட்டுமானியைச் செய்தாள். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே சோபாவில் சாய்ந்து, ஒருவரையொருவர் தொட்டுப் பேசி வாழ்கிறவர்களின் தோலிலும் மூச்சிலும் ஒரே வகை நுண்ணுயிர்கள் குடியேறிவிடுகின்றன. ரத்தமும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும். அங்கே இல்லாத ஒருவரின் சாயல் இருவரிடமும் பொதுவாக இருந்தால் அதையும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ஆண்டுகளில் அறுபது ஊர்களின் வாயிலில் அதைப் பொருத்தினார்கள். இடையில் புகுந்து யாரும் கதவைத் திறந்துவிட முடியாதபடி செய்ததும் அவள்தான். சிபாரிசு என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்காது.

"நீங்க ரெண்டு பேரும் உள்ளே போகலாம்," என்று மாரைக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "குடில் தயாரா இருக்கு. அம்மா மட்டும்... பேருந்துல திரும்பலாம். இல்லேன்னா காத்திருப்பு முற்றத்துல இருக்கலாம். மூணு நாள் கழிச்சு மறுபடி சோதிக்கலாம்."

அமுதவல்லி காசிராஜனை ஓரமாக இழுத்தாள். "யாரு அது?"

"எது?"

"நடுவுல நிக்கிற அந்த உருவம், காசி. உனக்கும் நறுவுக்கும் ஒட்டின ஆளு. யாரு?"

அவன் மறைக்கவில்லை. "ஹலீனாவா இருக்கும்."

கீழ்வீட்டு ஹலீனா, மருத்துவமனையில் தாதி. அமுதவல்லி அவளிடம் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பாள். 

"எவ்வளவு நாளா?"

"நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல, அமுதா. அப்படி இருந்திருந்தா நீ அழுதிருப்ப, சண்டை போட்டிருப்ப, ஏதோ ஒரு வழியா முடிஞ்சிருக்கும். நாங்க சும்மா சாப்பிட்டோம். சாயங்காலம் ஆச்சுன்னா அவங்க சூப் கொண்டு வருவாங்க, நான் சோறு வடிப்பேன். நறு பாடம் எழுதுவா. அவ்வளவுதான். ரெண்டு வருஷமா."

அந்த இரண்டு வருஷமும் எங்கே இருந்தோம் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ரயிலில், விடுதிகளில், கையுறை மாட்டிய ஆய்வுக்கூடங்களில். வீட்டுக்கு வந்த நாட்களில் விடியற்காலை அழைப்புகள் யாரையும் எழுப்பக் கூடாதென்று படிப்பறையில் படுத்தாள். கருவி தப்பாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

காசிராஜன் மகளிடம் கேட்டான். "நீ உள்ள போறியா, நறு? அம்மாவோட இங்க இருப்பமா?"

பன்னிரண்டு வயது நறுமுகை வேலிக்கு அந்தப்பக்கம் ஏரியைப் பார்த்தாள். 

"அம்மா தனியா இருக்கணுமே," என்றான் அவன்.

"அம்மாவுக்கு அது பழக்கம்தானேப்பா," என்றாள் நறுமுகை. குத்திக்காட்டும் குரலே இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

 காசிராஜன் பெட்டிகளைத் திருப்பி முற்றத்தை நோக்கி உருட்டத் தொடங்கினான்.

காத்திருப்பு முற்றம் என்பது பழைய வண்டி நிறுத்துமிடம். வரைபடத்தில் அதற்கு இரண்டு விரற்கடை இடம் ஒதுக்கியவள் அவளேதான். ஆனால் நேரில் பார்த்ததில்லை. தகரக்கூரை போட்ட ஒரே நீண்ட கூடம், ஒரு குழாய், ஒரே ஓர் அடுப்பு. சோதனையில் தோற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை வெட்கப்பட்டுப் பேருந்து ஏறிவிடும் போலிருக்கிறது. அன்று அங்கே இருந்தது ஒரு தகப்பனும் மகளும்தான்.

லாரி ஓட்டுநர் யோஸ்ட் ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த கழுத்து. அவருடைய மகள் லோத்தேக்கு நறுமுகையின் வயதுதான் இருக்கும். தாய் இறந்த பின் லோத்தே பள்ளி விடுதியில் வளர்கிறாள். அவர் மாதத்தில் இருபத்தைந்து நாள் லிஸ்பனுக்கும் ரீகாவுக்கும் இடையே சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்.

"மூணாவது கோடைகாலம் இது," என்றார். "முதல் வருஷம் நான் விருந்தாளி. போன வருஷமும் விருந்தாளி. ரெண்டு தடவையும் பேருந்துல திரும்பிட்டோம். கடிதம் எழுதினேன். ஐயா, வருஷத்துல ஒரு வாரம் பிள்ளையோட இருக்கத்தான் வரோம், சேர்ந்து இருந்தாத்தான் விடுவோம்னு சொன்னா நாங்க எங்கே போய்ச் சேர்ந்து இருக்கறதுன்னு கேட்டேன். பதிலைப் பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். ஒரே வரி. 'அளவு சரியானது; இதில் பரிசீலிக்க ஒன்றுமில்லை.'

அமுதவல்லி அதை இரண்டு முறை படித்தாள். சொல்லாமல் இருந்துவிட்டால் மூன்று நாளை ஓட்டிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"இதை எழுதினது நான்தான்," என்றாள். "கருவியும் என்னுதுதான்."

யோஸ்ட் அவளையே பார்த்தார். பார்வை அவள் சட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுக்கு இறங்கியது. தன் சட்டையில் இருந்த மஞ்சள் சீட்டையும் ஒருமுறை தொட்டுக்கொண்டார். அவர் கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்வோம் என்று அவள் நின்றாள். அவர் குனிந்து ஒரு கோணியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார்.

"அப்படின்னா உருளைக்கிழங்கை நீங்க உரிங்க," என்றார்.

அந்த மூன்று நாளும் மழை விடவே இல்லை. கூடத்தின் ஒரு பாதி ஒழுகியதால் ஐந்து பேரும் மறுபாதியில் நெருங்கிப் படுத்தார்கள். ஒரே அடுப்பு என்பதால் ஒரே சமையல். காசிராஜன் பெட்டியிலிருந்து மிளகும் புளியும் எடுத்து ரசம் வைத்தான். லோத்தே ஒரு வாய் குடித்து ஒன்பது தும்மல் தும்மிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். நறுமுகை சிரித்துச் சிரித்து அமுதவல்லியின் மடியில் சாய்ந்தாள். சாய்ந்த பிறகுதான் அது யார் மடி என்று கவனித்தாள். எழுந்திருக்கவில்லை. அமுதவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது. அப்போதும் அசையவில்லை.

மறுநாள் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். முடி தோளுக்குக் கீழே இவ்வளவு வளர்ந்திருப்பதை அப்போதுதான் கண்டாள். காசிராஜன் அருகில் வந்து உட்கார்ந்து, "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றான். "எப்போ சொல்லியிருப்ப? நான் எப்போ இருந்தேன்?" என்றாள்.  அவன் தன் கையை அவள் கையின் மேல் வைத்தான்.

நான்காம் நாள் காலை ஐந்து பேரும் வாயிலுக்குப் போனார்கள். பதினோரு விநாடியில் ஐந்தும் பச்சை. திரையில் எழுத்து ஓடியது: "ஒரே குடும்பம். உறுப்பினர் ஐவர்." ஒரு குடும்பத்துக்கு ஒரு குடில் என்பது விதி. மாரைக்கா ஒரே சாவியைக் கொடுத்தாள்.

 பதினாறு வருஷத் திருமணத்தை அழித்துப்போட்டிருந்த கருவி, மூன்று நாள் ரசத்தில் ஒரு லாரி ஓட்டுநரை உறவாக்கிவிட்டது. இரண்டும் துல்லியமான அளவுகள்தான்.

உள்ளே போனார்கள். பெரியவர்களுக்கு நீராவிக் குளியல், பிள்ளைகளுக்குத் தனிப் பூங்கா, ஆளுக்கொரு சைக்கிள். பசித்தபோது அவரவர் போய் எடுத்துக்கொள்ள முப்பது வகை உணவு. இரண்டு நாளில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தது ஒரே ஒரு வேளைதான். மூன்றாம் நாள் காலை பிள்ளைகள் இருவரையும் காணாமல் ஊரெல்லாம் தேடினார்கள். இரண்டும் வேலி தாண்டிக் குதித்து முற்றத்துக்குப் போய், ஒழுகும் கூரையின் கீழே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன.

வீடு திரும்பிய அமுதவல்லி நாற்பது பக்க அறிக்கை எழுதினாள். கருவி உறவை அளக்கவில்லை, வசதியை அளக்கிறது. பக்கத்தில் வேலை கிடைத்தவர்களை உள்ளே விட்டு, பிழைப்புக்காகத் தூரம் போனவர்களை வெளியே நிறுத்துகிறது. காட்டுக்குள் கொண்டுபோய்க் குடும்பங்களைப் பிரிக்கிறோம், முற்றத்தில் போட்டு ஒட்டவைக்கிறோம். ஆகவே கருவிகளைக் கழற்றிவிடுங்கள், ஊர்களில் பொது அடுப்பு வையுங்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, பயணமே இல்லாத வேலைக்கு மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து சாயங்காலச் சாப்பாடு மூவருக்கும் ஒரே மேசையில்.

நிர்வாகம் அறிக்கையை வரி விடாமல் படித்தது. நன்றி சொல்லிக் கடிதமும் அனுப்பியது.

அடுத்த வசந்தத்தில் விளம்பரம் வந்தது: 'மூன்றே நாளில் ஒட்டும் குடும்பம்.' நாற்பத்து மூன்று ஊர்களில் புது முற்றங்கள். தகரக்கூரை, ஒற்றை அடுப்பு, கூடத்தின் பாதியில் செயற்கை ஒழுகல். கூட்டம் தாங்கவில்லை. உண்மையாகவே ஒட்டாதவர்களுக்குத்தான் இடம் என்று விதி செய்து, முற்றத்து வாயில்களிலும் ஒட்டுமானியைப் பொருத்தினார்கள். இங்கே மஞ்சள் எரிந்தால்தான் கதவு திறக்கும். பச்சை எரிந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு மதியம் யோஸ்ட் தொலைபேசியில் அழைத்தார். குறுந்தொலைவு வழித்தடத்துக்கு மாறி இப்போது தினமும் வீட்டுக்கு வருகிறாராம்; லோத்தேயும் விடுதியை விட்டு அவரோடுதான் இருக்கிறாளாம். "முற்றத்து வாசல்ல பச்சை எரிஞ்சிடுச்சு," என்றார் பரிதாபமாக. "லோத்தே ரொம்ப அழறா. மறுபடி லிஸ்பன் வண்டிக்குப் போகட்டுமா? எத்தனை வாரம் பிரிஞ்சிருந்தா மஞ்சள் வரும்? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

 போக வேண்டாம் என்று மட்டும் சொல்லி அமுதவல்லி அழைப்பைத் துண்டித்தாள்.  அன்று சீக்கிரமே கிளம்பி வீட்டுக்கு வந்தாள்.

மேசையில் தட்டுகள் இல்லை.

"அம்மா, உன் சாப்பாடு படிப்பறையில இருக்கு," என்று தன் அறை வாசலில் நின்றபடியே கத்தினாள் நறுமுகை. அவள் முகம் மலர்ந்து கிடந்தது. "என்னோடது என் ரூம்ல. அப்பா அடுக்களையில சாப்பிடுவாரு. துண்டு, சோப்பு எல்லாத்தையும் பிரிச்சாச்சு. ஜூலையில முற்றத்துக்குப் போற வரைக்கும் யாரும் யாரையும் தொடக் கூடாது. என் வகுப்புல எல்லார் வீட்டுலயும் ஆரம்பிச்சுட்டாங்கம்மா, நாமதான் லேட்."

அமுதவல்லி மகளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

"கிட்ட வராதம்மா!" நறுமுகை பதறிப் பின்வாங்கினாள். "பச்சை ஆயிடும்!"

அடுக்களைக் கதவு திறந்தது. காசிராஜன் கையில் தட்டோடு நின்றான், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். "குழந்தை ஆசைப்படுது, அமுதா. மூணு மாசம்தானே," என்றான்.

பிறகு அவனும் கதவைச் சாத்திக்கொண்டான்.