கரும்பலகையில் கர்ஃப்யூ

காலை 7.45. கஞ்சி டம்ளரோடு படுக்கையறைக்குள் போன சமையல்காரி குப்பம்மா, பெரியவர் செங்கல்வராயனின் கையைத் தொட்டதும் அலறினாள். கை சில்லிட்டிருந்தது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காலை 9.10. விஷம் என்றார் டாக்டர். எந்நேரத்தில் என்று பிரேதப் பரிசோதனைதான் சொல்லுமாம்.

"சார் டெய்லி கரெக்டா ஏழு மணிக்குக் கீழ வந்து போர்டு எய்துவாரு மேடம்" என்றான் வாட்ச்மேன் வேம்புலி, இன்ஸ்பெக்டர் கஸ்தூரியிடம். "நான் ஏழுக்கு டூட்டிக்கு வந்தப்போ எய்தியிருந்துச்சு. அப்பால இந்தம்மாதான் மேல போச்சு."

வீட்டுச் சாவியும் குப்பம்மாவிடம், சமையலும் அவளுடையது. போலீஸ் அவளைக் கூட்டிப்போய்விட்டால் பட்டாபிராமில் தனியாக இருக்கும் மகளுக்கு யார் கதி?

கஸ்தூரி லிஃப்ட் பக்கத்துக் கரும்பலகையைப் படித்தாள். 'கர்ஃப்யூ. பழைய பிரெஞ்சில், நெருப்பை மூடு. இரவு மணியடித்தால் ஊரே அடுப்பை மூடவேண்டும்.' இங்கிலீஷ், பிரெஞ்சுச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டுவதுதான் ரிடையரான அந்த மனிதருக்கு வேலை.

"தினமும் இப்படித்தான் எழுதுவாரா?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா" என்றாள் குப்பம்மா. "காலைல ஒரே ஒரு வார்த்த எய்துவாரு. பசங்க நாள்பூரா மண்டய ஒடச்சிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மிச்சத்த எய்தி, சரியா சொன்ன புள்ளைக்கு மிட்டாய் குடுப்பாரு."

கஸ்தூரி மறுபடியும் பலகையைப் படித்தாள். தப்பாக எதையோ உளறிவிட்டோமோ என்று குப்பம்மா பயந்தாள்.

காலை 10.30. அதே வீட்டில் தங்கியிருந்த, செங்கல்வராயனின் தம்பி மகன் செல்வகுமார் ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தான்.

"எத்தனை மணிக்குக் கிளம்புவே?"

"காலையில அஞ்சரைக்கு மேடம். சென்ட்ரலுக்கு ரயில் பிடிக்கணும்."

"திரும்ப?"

"ராத்திரி ஒன்பது ஆயிடும்."

"பெரியப்பா போர்டைப் படிப்பியா?"

"வரும்போது பார்ப்பேன்."

"அதான் மாட்டிக்கிட்டே. ராத்திரி வர்றவன் கண்ணுக்கு வார்த்தையும் விளக்கமும் சேர்ந்தேதான் தெரியும். ரெண்டையும் காலையிலேயே எழுதிட்டே. அவர் எழுதியிருந்தா இப்போ வார்த்தை மட்டுந்தான் இருக்கும். ராத்திரியே விஷத்தைக் கொடுத்துட்டு, ஏழு மணிக்கு உயிரோட இருந்தார்னு காட்டப் பார்த்தே. உடம்பு சில்லிட்டது ஏசியாலதான்னு நினைக்க வைக்க, அதையும் முழுசா ஓட விட்டே. பழி இந்தம்மா தலையில. பையைத் திற!"

பைக்குள், பெரியவர் சொற்களைக் குறித்துவைக்கும் நோட்டு இருந்தது. கர்ஃப்யூ பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

"பாரிவாக்கம் மனையை எனக்கு எழுதித் தரமாட்டேன்னுட்டார்" என்று முனகினான்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள் கஸ்தூரி.

குப்பம்மா எழுந்தாள். எட்டு வருஷம் தன் கையால் சாப்பிட்ட மனிதர் செத்துப்போயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.