ஜீப் தண்ணீர்

ஜீப் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பங்குனி மாத உச்சி வெயிலில். இராமநாதபுரத்தில் அந்த நேரத்துக்குத் தெருநாய்கூட வெளியே தலைகாட்டாது. ஹாரன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் யோகேஸ்வரன் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறாம் வருடத்து நீள ஜீப். டீசல் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். திருப்பாலைக்குடியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்ததாம். உக்கிரபாண்டி என்ற புரோக்கர் பிடித்துக் கொடுத்திருந்தார். இதைத் தேற்றி, மேலே கூடாரம் மாட்டி, உள்ளே படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் வைத்து, தனுஷ்கோடி மணலில் கிளம்பி லடாக் பனி வரை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. யாரோ எவரோ பாலைவனத்தில் ஜீப்பை நிறுத்தி ஆம்லெட் போடுவதை யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம் அது.

"ஏறிப் பாரு செல்வி," என்று பின்கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இருந்து வந்த நாற்றத்தில் வாசற்படியிலேயே வாந்தி எடுத்தேன்.

அப்போது எனக்கு இரண்டு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இந்த ஒன்றாவது தங்க வேண்டும் என்று கும்பிடாத சாமி இல்லை. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் எனக்குக் கவலை கிடையாது.

"மீன் வண்டின்னா நாறத்தான செய்யும்," என்றார் அவர். "அதுலயும் ஒனக்கு மசக்கை. மல்லிகைப்பூவக் குடுத்தாலும் நாறுதுன்னுதான் சொல்லுவ."

அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். டாக்டரும் சிரித்தார். மசக்கைக்காரியின் மூக்கை யார் நம்புவார்கள்? ஆனால் நான் தொண்டிப் பக்கம் பிறந்தவள். கருவாடு காயும் தெருவில் விளையாடியவள். மீன் நாற்றம் எனக்குத் தெரியும். இது மீன் இல்லை. பல நாள் தண்ணீர் இறங்காமல் படுக்கையில் கிடப்பவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தால் ஒரு நாற்றம் வருமே, அது. காய்ந்துபோன வாயின் நாற்றம்.

ஜீப்பைத் தவ்ஃபீக் என்பவரின் பட்டறையில் விட்டார். தவ்ஃபீக் வெல்டிங்கில் கெட்டிக்காரர், அதிகம் பேசமாட்டார். பின்னால் இருந்த பெஞ்ச் சீட்டுகளைப் பிடுங்கியதும் அடியிலிருந்து குப்பை குப்பையாக வந்தது. கரப்பான் முட்டைகள், எலிப் புழுக்கை, பஞ்சோடு ஒட்டிய மீன் செதில், சிக்குப் பிடித்த நீள நீளமான முடி. என் வீட்டுக்காரர் அதையெல்லாம் வெறுங்கையால் அள்ளிப் போட்டுவிட்டு வந்து, அதே கையைப் பேருக்கு நனைத்துக்கொண்டு சோற்றுப் பானையைத் திறப்பார். நான் பட்டினியாகப் படுத்துவிடுவேன்.

வேலை மட்டும் மளமளவென்று நடந்தது. கூரைக்கு மேல் இரும்புக் கேரியர், அதன் மேல் மடக்குக் கூடாரம், ஏறுவதற்கு ஏணி, பிரிட்ஜுக்கு இரண்டாவது பேட்டரி, சோலார் பலகை, பக்கவாட்டில் இழுத்துவிடும் நிழல் துணி, மணலில் புதையாத அகல டயர். படுக்கைக்கு அடியில் அடுப்பு வைக்க இழுப்பறை. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பூரித்துப்போவார். பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

இழுப்பறைக்காகத் தரைத் தகட்டைப் பெயர்த்தபோது அடியில் ஒரு இரும்புப் பெட்டி தெரிந்தது. ஓர் ஆள் முழங்காலை மடக்கிப் படுக்கிற அளவு. மூடிக்கு வெளியே இருந்து நட்டு போட்டு முடுக்கியிருந்தது. திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு, பக்கு பக்காகப் படிந்திருந்தது.

"ரெடிமேட் தண்ணித் தொட்டிதான இது," என்று குதித்தார் அவர்.

"வேணாண்ணே," என்றார் தவ்ஃபீக். "புதுசா எவர்சில்வர்ல ஒண்ணு அடிச்சுத் தாரேன். இது எனக்குப் பிடிக்கல."

"ஏன்ப்பா?"

"மூடிக்கு உள்பக்கம் பாருங்க. பூராங் கீறலாக் கெடக்கு."

"எலி பெறாண்டியிருக்கும்."

தவ்ஃபீக் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். எங்கள் ஊர்க்காரர்களிடம் உள்ள கோளாறு இது. குடம், டிரம், அண்டா என்று கண்டதிலும் தண்ணீர் பிடித்து வைத்தே வளர்ந்தவர்கள். தண்ணீர் நிற்கக்கூடிய ஒரு இடத்தைக் கண்டால் அதைக் காலியாக விட மனசு வராது. உப்பைச் சுரண்டி, ஆசிட் ஊற்றிக் கழுவி, குடிதண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கிற பெயிண்ட் அடித்து, பின்கதவோரம் ஒரு குழாய் வைத்தார்கள். அவரே குடம் குடமாகக் காவிரித் தண்ணீரைப் பிடித்து ஊற்றி நிரப்பினார்.

சித்திரை மாதம் வெள்ளோட்டம் பார்க்க வாலிநோக்கத்துக்குக் கிளம்பினோம். எனக்கு நான்காவது மாதம். அப்போதும் வாந்தி நிற்கவில்லை. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் எலும்பும் தோலுமாக இருந்தேன். இப்படியே போனால் பிள்ளைக்கு ஆபத்து, அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "கடல் காத்துல சரியாயிரும்" என்று இவர் என்னை ஏற்றிக்கொண்டார்.

உப்பளத்துக்கு நடுவே போகும் மண் பாதையில் வண்டி தானாக அணைந்தது. நிழல் என்று சொல்ல ஒரு செடி இல்லை. சுற்றிலும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தேன், வாந்தியாக வந்தது. மறுபடி குடித்தேன், அதுவும் வந்தது. பாட்டில்கள் தீர்ந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பின்கதவோரம் இருந்த குழாயை நான்தான் திறந்தேன்.

என்ன சொல்வது. அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததே இல்லை. இளநீர் மாதிரி இனித்தது. ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், மூன்றாவதையும் குடித்தேன். வயிறு சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்த தகட்டுக்குக் கீழே கேட்டது.

டக். டக். டக்.

பிறகு ஒரு நீளமான கீறல்.

"என்னங்க, அடியில யாரோ தட்டுற மாதிரி இருக்கு."

"வெயில்ல தகடு விரியுது," என்றார் தலையைத் தூக்காமல். பிறகு சாவியைத் திருப்பினார், வண்டி சொன்னபடி கேட்டுக் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஜீப் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நான் தொடவில்லை. காலையும் மாலையும் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஜீப்புக்குப் போய்ப் பிடித்து வருவேன். வாந்தி நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. எடை ஏறியது. டாக்டர் ஸ்கேனைக் காட்டி, பிள்ளை நன்றாக வளர்கிறது என்றார். அந்த நாற்றமும் எனக்கு அடிக்கவில்லை. மசக்கைதான் போலிருக்கிறது, தேவையில்லாமல் வண்டியைக் கரித்துக்கொட்டினோமே என்று வருத்தப்பட்டேன்.

ஆறாவது மாதத்தில் ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"செல்வி, பல்லு வெளக்குனியா?"

"ஏன்?"

"இல்ல, சும்மாதான்."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள். டாக்டர் என்னைக் கண்டதும் மாஸ்க்கை மேலே இழுத்தார். என் வீட்டுக்காரர் ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். எல்லோருக்கும் இப்போது நாறியது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையைக் குவித்து ஊதி ஊதி முகர்ந்து பார்த்தேன். தண்ணீரின் இனிப்பு வாசம்தான் வந்தது.

ஏழாவது மாதம், சொம்போடு திரும்பிவந்தவள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"தொட்டிய எப்பங்க ரொப்புனீங்க? நெறைய இருக்கு போல."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் ரொப்பலையே. நீதான ரொப்புறேன்னு நெனச்சேன்."

சித்திரையில் ஊற்றிய தண்ணீர். இப்போது ஆடி.

இரண்டு பேரும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். தவ்ஃபீக்கிடம் தொட்டியைத் திறக்கச் சொன்னோம். படுக்கைப் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தார். நல்ல உச்சி வெயில். தகரக் கொட்டகை கொதித்துக்கொண்டிருந்தது. மூடியின் முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தார்.

டக்.

தவ்ஃபீக் கையை எடுத்துவிட்டார்.

டக். டக்.

கீறல் மூடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, எங்கள் காலடியில், நிதானமாகப் போனது.

"தகடு விரியுது," என்றார் என் வீட்டுக்காரர்.

"தொறங்க," என்றேன்.

தவ்ஃபீக் ஏதோ ஓதியபடி நட்டுகளைக் கழற்றி மூடியைப் புரட்டினார்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தொட்டி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. புதுப் பெயிண்டுக்கு மேல் பழையபடி உப்புப் படிந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் படியவில்லை. தலை, தோள், மடங்கிய முழங்கால், நடுவில் பெரிதாக ஒரு வயிறு. ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் அளவுக்கு அந்த இடம் வெறுமையாக இருந்தது.

குழாய்க்குப் போகும் ஓட்டை அடைத்திருந்தது. தவ்ஃபீக் குறடைவிட்டு இழுத்தார். முடி வந்தது. உப்பும் சளியும் தோய்ந்த நீள முடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வந்த சிக்குக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தன. உதிர்ந்த நகங்கள்.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார் தவ்ஃபீக்.

காலையில் அதன் வழியாகத்தான் இரண்டு சொம்பு குடித்திருந்தேன். குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தேன். ஒன்றும் வரவில்லை. வயிறு ஒரு சொட்டைக்கூடத் திருப்பித் தர மறுத்தது.

தவ்ஃபீக்கும் என் வீட்டுக்காரரும் போய் புரோக்கர் உக்கிரபாண்டியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வாயில் பாக்கைக் குதப்பிக்கொண்டே வந்தார். பெட்டியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"கழுவித்தானப்பா வித்தேன்."

அந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிறகு தவ்ஃபீக் சட்டையைப் பிடித்ததும் சொன்னார். "மூணு வருசம் இருக்கும். சிலோன்ல பஞ்சம்னு சனம் இங்கிட்டு வந்துச்சுல்ல. அதுல ஒரு பொண்ணு. மாசமா இருந்துச்சு. செக்போஸ்ட்டத் தாண்டுற வரைக்கும் உள்ள படுத்துக்கன்னு மூடியிருக்காங்க. வாலிநோக்கம் உப்பளத்துகிட்ட போலீசு வண்டியப் பாத்துட்டு டிரைவர் ஓடிட்டான். ரெண்டு நா கழிச்சுத்தான் போயித் தொறந்தாங்க. அதுவும் தண்ணி தண்ணின்னு தட்டித்தான் இருக்கும். அந்த வெயில்ல யாரு காதுல விழும்? பொணத்தக் கடல்ல விட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு, பட்டறை வாசலில் பாக்கு எச்சிலைத் துப்பினார்.

அவள் பேர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். பேர்கூடத் தெரியாமல் ஒருத்தியைப் பூட்டி வைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

"போலீசுக்குப் போகணும்," என்றேன்.

"மாசமா இருக்கிறவ ஸ்டேசன் வாசல்ல போயி நிப்பியா?" என்றார் என் வீட்டுக்காரர். "செத்தது செத்துப்போச்சு. இப்ப எதுக்கு அதக் கெளறிக்கிட்டு."

அவரை அதற்கு முன் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அருவருத்தது அன்றைக்குத்தான். நானும் தவ்ஃபீக்கும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குள், அவர் ஜீப்பை லாரியில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போட மதுரைக்கு அனுப்பிவிட்டார். கூடாரத்தையும் சோலார் பலகையையும் மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்துக்கொண்டார். போலீஸ் வந்தபோது வண்டி இல்லை. உக்கிரபாண்டி தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்துவிட்டார்.

நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊரே காறித் துப்பும் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். அதுவும் இனித்தது.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. தங்கிவிட்டது. நான் கேட்டது அது ஒன்றுதான், கிடைத்துவிட்டது. துடைத்துக் கொண்டுவந்த நர்ஸ் குழந்தையின் கையை விரித்துக் காட்டினார்.

"என்னம்மா இது? பெறக்கும்போதே நகமெல்லாம் இப்படித் தேஞ்சு கெடக்கு?"

பத்து விரலிலும் நகம் சதை வரை தேய்ந்து, ஓரம் உடைந்திருந்தது.

அன்றைக்குப் பட்டறையில் மூடியைத் திறந்தபோது பெட்டிக்குள் யாரும் இல்லாதது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் எப்போதோ வெளியே வந்துவிட்டாள். டம்ளர் டம்ளராக.

அம்மா இதையெல்லாம் என் பிரமை என்கிறாள். குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டு உதட்டை நக்கி, "என்னடி இப்படிக் கரிக்குது" என்று கேட்டவளும் அவள்தான். எனக்குக் கரிக்கவில்லை. என் பிள்ளை. சில நேரம் தூக்கவே அருவருப்பாக இருக்கிறது. தூக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். உச்சி வெயில் ஏறினால் அவள் பால் குடிக்கமாட்டாள். அழவும் மாட்டாள். தொட்டில் கட்டையில் அந்தக் குட்டிக் கையால் தட்டுவாள்.

மூன்று தட்டு. பிறகு ஒரு கீறல்.

நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். பாலாடையில் ஊற்ற ஊற்ற வாங்கிக்கொள்கிறாள். சொம்பு காலியாகிறது.

அவள் இன்னும் தட்டுகிறாள்.