மடிக்காமல் விட்ட துண்டுகள்

காலை ஆறு மணிக்கெல்லாம் அண்ணன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். இன்றோடு ஐந்தாவது நாள்.

“இன்னைக்கும் லீவுப்பா,” என்றாள் அம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணன் காலண்டரைப் பார்த்தான். “வெள்ளிக்கிழமை. சிவப்பு இல்ல. லீவு இல்ல.”

அவனிடம் பொய் எடுபடுமா? ‘ஒரு நிமிஷம் இரு’ என்றால் அறுபது வரை எண்ணிவிட்டு எதிரே வந்து நிற்கிற ஆள் அவன். வயது பத்தொன்பது. அவனுக்கு ஆட்டிசம். தொழிற்பயிற்சி மையத்தில் ஒரு வருடம் பழகிவிட்டு, ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் துண்டு மடிக்கச் சேர்ந்தான். அவன் அடுக்கினால் ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும்.

என்ன செய்ய? போன சனிக்கிழமை விடுதிக்காரர்கள் அந்த அறையையே மூடிவிட்டார்கள். துணியெல்லாம் இனி வெளியே போய் வெளுத்து வருமாம். அங்கிருந்த ஆறு பேருக்கும் வேலை போய்விட்டது.

அதை அண்ணனிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அவனோ தினமும் கிளம்பிப் போய், பூட்டிய கதவின் முன்னால் வெயிலில் நின்றுவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் உதடெல்லாம் வெடித்துப்போய்த் திரும்பினான்.

தங்கைக்கு வயது பத்து. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு அவள் எந்தக் குறையும் வைத்ததில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அங்க போய் என்ன பண்ணணும்ணா?”

“முப்பத்திரண்டு துண்டு. மடிக்கல. மேசை துடைக்கல. லைட் அணைக்கல. போயிட்டு வரேன் சொல்லல.”

வாலுவுக்குச் சுருக்கென்றது. வேலையை முடித்துக் கிளம்ப மையத்தில் அவனுக்குப் பழக்கிய வரிசை அது. சனிக்கிழமை பாதி வேலையில், பதினொரு மணிக்கே, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு அந்த நாள் இன்னும் முடியவே இல்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை. அம்மாவிடம் சொல்லிவிட்டு வாலுவும் அவனோடு போனாள். விடுதியின் பின்வாசலில், சலவை அறையையும் பார்த்துக்கொண்ட விடுதி சூப்பர்வைசர் அக்கா நின்றிருந்தாள்.

“உள்ள ஒண்ணுமே இல்ல பாப்பா. மெஷினெல்லாம் போயாச்சு.”

“அதைத்தான் அவன் பாக்கணும்க்கா. முப்பத்திரண்டு துண்டும் வேணும். மடிச்சிருந்தா கலைச்சுக் குடுங்க.”

“முப்பது போதாதா?”

“எண்ணிப் பாப்பான்க்கா.”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.

அறை வெறிச்சோடிக் கிடந்தது. மெஷின்கள் இருந்த இடத்தில் தரையில் சதுரம் சதுரமாகக் கறை. காலாடும் பழைய மேசை மட்டும் மிச்சம். அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, துண்டுகளைக் கொண்டுவந்து அதன்மேல் குவித்தாள்.

“மெஷின் இல்ல,” என்றான் அண்ணன்.

“இல்லண்ணா.”

“திங்கக்கிழமை?”

வாலு யோசித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இப்போதைக்குத் தப்பிக்கலாம். ஆனால் திங்கட்கிழமை அவன் மறுபடி வெயிலில் நிற்பான்.

“திங்கக்கிழமையும் இல்ல. இனிமே இங்க வேலையே இல்லண்ணா. நீ நல்லாத்தான் செஞ்ச. எல்லாருக்கும் போயிடுச்சு.”

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். வெகுநேரம் ஆடினான். வாலு அவனைத் தொடாமல் காத்திருந்தாள்.

பிறகு அவன் துண்டுகளை எடுத்தான். ஒவ்வொன்றாக முப்பத்திரண்டையும் மடித்து அடுக்கினான். மேசையைத் துடைத்தான். விளக்கை அணைத்தான்.

“போயிட்டு வரேன்,” என்றான் அக்காவிடம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது போதாது என்பதுபோல் அவன் நகராமல் நின்றான்.

“சரிப்பா,” என்றாள் அவள். “நல்லா வேலை செஞ்ச. போயிட்டு வா.”

திங்கட்கிழமை காலை வாசலில் யாரும் இல்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான். அம்மா பதறி ஓடிவந்தாள்.

“அழாதப்பா. மையத்து சார் வேற இடம் தேடறாரு. சீக்கிரமே…”

“அழட்டும்மா,” என்றாள் வாலு. “அவனுக்கு வேலை போயிருக்கு.”

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அண்ணனுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். வாலு மறுபக்கம் உட்கார்ந்தாள். அன்று பள்ளிக்கு நேரமானதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.